நாற்பத்தேழு புள்ளி ஐம்பத்தெட்டு

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் கயிற்றுக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது ராமபத்ரனின் சர்வே ஆபீஸ். அங்கே பதினான்கு வருஷம் கணக்குப் போட்டவள் கங்கா. ஆனால் சம்பளப் புத்தகத்தில் அவள் டைப்பிஸ்ட். அவளைக் கேட்டால் இரண்டில் எது உண்மை என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை, அதுதான் சங்கதி.

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கியவள். மேலே படிக்க வேண்டுமென்றால் படகேறி எர்ணாகுளம் போக வேண்டும். பெண்பிள்ளை தினமும் படகேறுவதாவது என்று அப்பா சொல்லிவிட்டார். டைப்ரைட்டிங் மட்டும் படகில்லாமல் கிடைத்தது. படித்தாள், ஹையரும் பாஸானாள், அறுபத்தொன்பதில் ராமபத்ரனிடம் சேர்ந்தாள். கல்யாணம் அமையவில்லை. அது பற்றி ஊருக்கு இருந்த கவலையில் கால்வாசிகூட அவளுக்கு இருந்ததில்லை.

சேர்ந்த இரண்டாவது மாதம், ராமபத்ரன் எழுதிக் கொடுத்த தாளை அடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "ஸார், இந்தக் கோணத்தோட ஸைன் தப்பாக்கும்" என்றாள். அவருக்கு வந்த கோபத்தில் மூக்குப்பொடி டப்பா உருண்டது. லாகரிதம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். தப்புத்தான். அன்று சாயங்காலமே அந்தப் புத்தகம் அவள் மேஜைக்கு இடம் மாறியது. அதோடு கணக்கு வேலையும் வந்தது. பதவி மட்டும் வரவில்லை.

ஒவ்வொரு வரைபடத்தின் அடியிலும் இரண்டு வரிகள் இருக்கும். அளந்தவர், கணக்கிட்டவர். இரண்டுக்கும் எதிரே ராமபத்ரன் என்றே அடிப்பாள், அவரும் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போடுவார். எழுபத்துநாலில் ஒரு தடவை துணிந்து கேட்டாள். "ஸார், கணக்கிட்டவர்னு எம்பேரை அடிச்சுக்கட்டுமா?"

அவர் சிரித்தார். "நன்னாருக்கு! டைப்பிஸ்ட் கணக்குப் போட்டான்னா எந்த நிலத்துக்காரன் நம்புவான்? பிழைப்பைக் கெடுக்காதே கங்கா."

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரி வரும்போது மட்டும் எழுத்துகளை ஓங்கிக் குத்துவாள். சில தாள்களில் ராமபத்ரன் என்ற பெயர் ஓட்டை விழுந்தே இருக்கும்.

இந்தக் கதைக்கு அந்த ஆபீஸின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோணத்தை டிகிரியிலும் நிமிடத்திலும் எழுதுவார்கள். அறுபது நிமிடம் சேர்ந்தால் ஒரு டிகிரி. டிகிரிக்குத் தலையில் குட்டி வட்டம், நிமிடத்துக்கு ஒரு சின்னக் கோடு, அதுதான் முறை. ஆனால் அவளுடைய மிஷினில் வட்டம் கிடையாது. வேண்டுமென்றால் உருளையை அரைத் திருப்பு திருப்பி, இங்கிலீஷ் சின்ன 'ஓ' ஒன்றை அடித்து, மறுபடி உருளையை இறக்க வேண்டும். ஒரு தாளில் நாற்பது கோணம் இருந்தால் கை விட்டுப்போகும். ராமபத்ரனோ கொளுத்துகிற வெயிலில் கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு எழுதுகிறவர். வட்டத்துக்கும் கோட்டுக்கும் அவருக்குப் பொறுமை கிடையாது. ஆகவே நடுவில் ஒரு புள்ளி. நாற்பத்தேழு டிகிரி ஐம்பத்தெட்டு நிமிடம் என்றால் 47.58. அவர் நோட்டிலும் அப்படித்தான், அவள் அடிக்கும் பிரதியிலும் அப்படித்தான். லாகரிதம் புத்தகத்தில் கட்டமே நிமிடக் கணக்கில்தான் இருந்தது. அதனால் பதினான்கு வருஷமும் இந்தப் புள்ளி யாரையும் கடிக்கவில்லை.

எண்பத்துமூன்றில் அனந்து வந்தான். முழுப்பெயர் அனந்தநாராயணன், ராமபத்ரனின் தங்கை மகன், பாலக்காட்டுப் பக்கத்தில் பாலிடெக்னிக் முடித்த இருபத்துநாலு வயது. வரும்போதே துபாயிலிருந்து யாரோ உறவுக்காரர் கொண்டுவந்த கால்குலேட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தான். ஸைன், காஸ் எல்லாம் பொத்தானை அமுக்கினால் வந்து நின்றன. ராமபத்ரன் அதை அனந்துவின் மேஜையில் ஒரு துவாலை விரித்து வைத்தார்.

"இதை யாரும் தொடப்படாது. கணக்கெல்லாம் இனி அனந்து பார்த்துப்பான். கங்கா, நோக்கும் பாரம் குறைஞ்சது" என்றார்.

லாகரிதம் புத்தகம் சணல் கயிற்றால் கட்டப்பட்டு அலமாரி உச்சிக்குப் போயிற்று. கங்காவுக்கு வருத்தம் வந்ததாகச் சொன்னால் அது பொய். வந்தது கோபம், அதுவும் சும்மா அடங்குகிற கோபமில்லை. அனந்து சாப்பிட வீட்டுக்குப் போகும் ஒரு மணி நேரத்தில், அவனுடைய டிராயரில் கிடந்த விளக்கப் புத்தகத்தை எடுத்து வரி விடாமல் படித்தாள். மிஷினைத் தொடக்கூடாது என்றுதானே உத்தரவு, புத்தகத்தைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பதினோராம் பக்கத்தில் அந்தப் பொத்தான் இருந்தது. அதன்மேல் ஒரு வட்டம், ஒரு கோடு, இரட்டைக் கோடு. டிகிரியை அடித்து அதை அமுக்கி, நிமிடத்தை அடித்து மறுபடி அமுக்கினால் மிஷின் தானே தசமக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும்.

அனந்து அந்தப் பொத்தான் பக்கமே போவதில்லை என்பதையும் அவள் கவனித்தாள். அவனுக்கு வேறு வழி தெரிந்திருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் என்னைக் கேட்டானா என்ற வீம்புதான் காரணம். பிற்பாடு இதை அவளே நாலு பேர் முன்னால் சொன்னாள், ஆகையால் நான் மறைக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு மாதம் வந்ததெல்லாம் சின்ன மனைகள். குட்டைக் கோடுகள். விரல் அகலம் முன்னே பின்னே இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? மூன்றாவது மாதம் கடற்கரையோரத்துக் கிராம்புக் கிடங்கின் வேலை வந்தது. கிடங்குக்காரருக்குச் சுற்றுமதில் கட்ட வேண்டும். ரோட்டோரத்து எல்லைக்கல்லிலிருந்து நானூறு அடிக்கு ஒரே நேர்க்கோடு. கோட்டின் கடைசியில், தண்ணீரைப் பார்த்த மாதிரி, எட்டு வீடுகள் கொண்ட ஒரு வரிசை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சுக்கும் மிளகும் புடைக்கிற தமிழ்க்காரர்களின் வீடுகள். இருபது வருஷமாகக் கரம் என்கிற நிலவரி கட்டி, பட்டாவும் வைத்திருந்தார்கள். அனந்து கணக்குப் போட்டுக் கொடுத்தபடி ராமபத்ரன் கோட்டைப் போட்டார். சுண்ணாம்புக் கோடு எட்டு வீட்டின் அடுக்களைகளுக்குள்ளும் புகுந்து போயிற்று. அடுத்த வியாழக்கிழமை தாசில்தார் வந்து பார்த்துச் சரியென்றால், அடுக்களைகளை இடித்து மதில் எழும்பும்.

தாசில்தாருக்குக் கொடுக்க வேண்டிய கணக்குத் தாள் திங்கட்கிழமை கங்காவின் மேஜைக்கு வந்தது. கோணம் 47.58, நீளம் 400 அடி என்று அடித்தாள். அடுத்த கட்டத்தில், கோட்டின் முனை கிழக்கே எவ்வளவு தள்ளி விழும் என்பதற்கு 295.3 அடி என்று இருந்தது. அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது. பதினான்கு வருஷப் பழக்கம், மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டது. இருநூற்றுத் தொண்ணூற்றேழு அல்லவா வர வேண்டும்?

ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரி உச்சியிலிருந்து லாகரிதம் புத்தகத்தை இறக்கினாள். கயிற்றைப் பல்லால் அவிழ்த்தாள். 297.1 வந்தது. ஐம்பத்தெட்டு நிமிடம் என்பது ஏறக்குறைய ஒரு முழு டிகிரி. அனந்துவின் மிஷினோ புள்ளிக்குப் பிறகிருந்ததை நூற்றில் ஐம்பத்தெட்டு பங்கு என்று எடுத்துக்கொண்டது, பாதிக்குக் கொஞ்சம் மேலே. அந்த வித்தியாசத்தில் நானூறு அடி போய்ச் சேரும்போது கிழக்கே மட்டும் ஒன்றே முக்கால் அடிதான் தெரியும், கோடே விலகுவது ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி.

தாளோடு ராமபத்ரன் முன்னால் போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் பெரிய ஆள், இரண்டாவது வாக்கியத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கங்கா, வரைபடம் கொடுத்தாச்சு. முத்திரை குத்தியாச்சு. முப்பது வருஷமா இந்த ஊர்ல ஒரு கல்லைக்கூட நான் மாத்திப் போட்டதில்லை. இப்பப் போய், தப்புப் பண்ணிட்டேன்னு பறையச் சொல்றியா?"

"தப்புப் பண்ணினா சொல்லத்தானே வேணும் ஸார்."

"ரெண்டடி. அதாக்கும் விஷயம். ரெண்டடியில ஒருத்தனும் செத்துப் போயிட மாட்டான். நீ அடிக்கிற வேலையைப் பாரு."

அனந்து தலையைத் தூக்கவே இல்லை. கங்கா தன் மேஜைக்குத் திரும்பினாள். டைப்ரைட்டரில் பாதி அடித்த தாள் நின்றுகொண்டிருந்தது. அதை உருவினாள், நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அந்த ஆபீஸில் அவள் கிழித்த முதல் தாள் அது.

கடைசி வீட்டில் பேச்சி என்று ஒருத்தி இருந்தாள். முப்பது வயதிருக்கும். சுக்குத் தூசியில் புருவம்கூட வெளுத்திருந்தது. கங்கா போய் நின்றபோது பேச்சி தன் மண்ணடுப்பைச் சுவரோரத்திலிருந்து பெயர்த்து, சரியாகச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே வைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்லேருந்து வாரீங்களாம்மா? நல்லாப் பாத்துக்கங்க. இடிக்க வர்றவன் எரியிற அடுப்புல கைய வச்சுத்தான் இடிக்கணும். வேற வழி வைக்கப் போறதில்ல நான்."

"கோடு தப்பு" என்றாள் கங்கா.

பேச்சி சேற்றுக் கையோடு அப்படியே நின்றாள். "என்னது?"

"கோடு தப்புன்னேன். ஒங்க சுவருக்கு அந்தப் பக்கம் போகணும். நான்தான் அந்தக் கணக்கை அடிச்சவ."

"இதை அங்க சொல்லுவீங்களா? எல்லார் முன்னாடியும்?"

வேலை போய்விடும் என்று கங்காவுக்குத் தெரியும். நாற்பது வயதுக்குமேல் ஒரு டைப்பிஸ்டுக்கு இன்னொரு ஆபீஸ் கிடைப்பது எவ்வளவு பாடு என்றும் தெரியும். ஆனால் அந்த அடுக்களை மொத்தமே நாலடி அகலம். அதில் இரண்டே முக்கால் போனால் மிச்சத்தில் ஒரு பெண்பிள்ளை உட்காரக்கூட முடியாது. ரெண்டடியாம் ரெண்டடி! இந்த இடத்தில் வந்து நின்று பார்த்துச் சொல்லட்டும்.

"சொல்றேன்" என்றாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தாசில்தார் வந்தார். மலையாளி, மெலிந்த மனிதர், குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கிடங்குக்காரரின் காரியஸ்தர் ஒரு பக்கம், எட்டு வீட்டு ஜனம் ஒரு பக்கம். ராமபத்ரன் வரைபடத்தை விரித்தார். அனந்து கால்குலேட்டரைத் துவாலையோடு ஏந்திக்கொண்டு நின்றான். கங்கா மூன்று தடிப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தாள். எல்லாம் ஆபீஸ் அளவுப் பிரதிகள், அவள் கையால் அடித்தவை.

"அதை யார் எடுக்கச் சொன்னா?" என்றார் ராமபத்ரன்.

"யாரும் சொல்லலை ஸார். நானே எடுத்தேன்."

தாசில்தாரிடம் போய் மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னாள். புள்ளியின் கதை, வட்டமில்லாத டைப்ரைட்டர், புது மிஷின், எல்லாம். "புள்ளியை அடிச்சது நான். அந்த மிஷின்ல இதுக்குன்னு ஒரு பொத்தான் இருக்குன்னு ரெண்டு மாசமா எனக்குத் தெரியும். வீம்புல வாயை மூடிண்டிருந்தேன். அது என் தப்பு. ஆனா கோடு தப்பு."

தாசில்தார் ராமபத்ரனைப் பார்த்தார். ராமபத்ரன் பொய் சொல்லவில்லை. பொய்க்குப் பக்கத்து வீட்டில் போய் நின்றார். "நோட்டிலே 47.58னு இருக்கு. மிஷின்லே 47.58 போட்டிருக்கு. மிஷின் பொய் சொல்லாது. எங்கிட்ட அடிக்கிற பொண்ணு சொல்றதுக்குத் தெளிவென்ன, ருசுவென்ன?"

"அதே, சரியான கேள்வி" என்றார் தாசில்தார், கங்காவின் பக்கம் திரும்பி. "தெளிவு வேணும். புள்ளிக்குப் பின்னாலே இருக்கிறது நிமிஷம்தான்னு எப்படி நம்பறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் மூன்று நாளாகத் தூங்காமல் யோசித்திருந்தாள். முதல் புத்தகத்தை அவர் கையில் வைத்தாள்.

"பதினாலு வருஷத்துக் கோணம் எல்லாம் இதிலே இருக்கு ஸார். ஆயிரத்துக்குக் குறையாது. நூத்துக் கணக்குன்னா புள்ளிக்குப் பின்னாலே அறுபத்தஞ்சு வரும், எழுபத்திரண்டு வரும், தொண்ணூறு வரும். அறுபதோ அதுக்கு மேலேயோ ஒரே ஒரு இடத்திலே காட்டட்டும். நான் இப்பவே இந்தக் கடல்லே இறங்கிடறேன்."

தாசில்தார் பக்கங்களைப் புரட்டினார். 12.41, 88.07, 63.59, 30.15. திருப்பிக்கொண்டே போனார். காரியஸ்தர் எட்டிப் பார்த்தார். இரண்டாவது புத்தகத்தை அனந்து எடுத்தான், கால்குலேட்டரை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் முழித்து, கடைசியில் கங்காவின் கையிலேயே கொடுத்தான். விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினான். வெயில் ஏறியது. பேச்சியின் அடுப்பிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ராமபத்ரன் மட்டும் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. அவருக்குத் தேட வேண்டிய அவசியம் இல்லை அல்லவா.

மூன்றாவது புத்தகத்தையும் முடித்து மூடியது அனந்துதான். "மாமா, ஒண்ணுகூட இல்லை" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அந்த வார்த்தைக்காக அவனை நான் மெச்சத்தான் வேண்டும்.

கங்கா கையிலிருந்த கால்குலேட்டரைத் தட்டினாள். முதல் தடவையாகத் தொடுகிறாள், ஆனால் விரலுக்கு இடம் தெரிந்திருந்தது. நாற்பத்தேழு, வட்டப் பொத்தான், ஐம்பத்தெட்டு, மறுபடி வட்டப் பொத்தான். 47.96666667. தாசில்தாரிடம் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, வரைபடத்தின் மேல் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். புதுக் கணக்கோடு புது வரைபடம் வேண்டும், கணக்கிட்டவர் யாரோ அவரே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

ராமபத்ரன் அவளைக் கடந்து போகையில் நின்றார். "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

"சரி ஸார். மூணு புஸ்தகமும் எண்ணி எடுத்துக்கோங்கோ" என்றாள் கங்கா.

ஒரு வாரம் கழித்து, மதிலின் அஸ்திவாரத்துக்கென்று கிடங்குக்காரர் முன்கூட்டியே தோண்டிவைத்திருந்த குழியை வீட்டுக்காரர்களே மூடினார்கள். அன்று கங்காவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள் பேச்சி. மரவள்ளிக் கப்பையும் மீன்குழம்பும் ஆக்கிவிட்டு, இந்த அம்மா மீன் தொடமாட்டாங்களே என்று பதறி, தேங்காய்ச் சட்னி தனியாக அரைத்தாள். கங்கா அடுக்களையில் அடுப்புக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து கப்பையைச் சட்னியில் தொட்டுச் சாப்பிட்டாள். பிராமணத் தெருவில் இது அன்றைக்கே தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரியட்டுமே.

அப்போதுதான் அனந்து அவளைத் தேடிக்கொண்டு வந்தான். குனிந்து நுழைந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றான். கையில் புது வரைபடம்.

"கங்காக்கா, இதிலே நீங்க ஒப்பு வைக்கணும். தாசில்தார் உங்க கையெழுத்துத்தான் வேணும்ங்கறார்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். அளந்தவர், ராமபத்ரன். கணக்கிட்டவர், கங்கா. அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை அவள் அடிக்கவில்லை, வேறு யாரோ அடித்திருந்தார்கள். தாளில் ஓட்டை எதுவும் விழவில்லை. பிறகு கண் மேலே போயிற்று. கிழக்கே 297.1, சரி. நீளம் 400, சரி. கோணம் 47.58.

மறுபடியும் புள்ளி.

"பேனா குடு" என்றாள். அந்தப் புள்ளியைக் குறுக்கே அடித்தாள். நாற்பத்தேழின் தலையில் குட்டி வட்டம் ஒன்று போட்டாள், ஐம்பத்தெட்டின் தலையில் சின்னக் கோடு ஒன்று. மை காய ஊதினாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள், பெயரின் கடைசி எழுத்துவரை தெளிவாக.

அனந்து தாளை வாங்கிக்கொண்டான். போகாமல் நின்றான். "மாமா திங்கட்கிழமை உங்களை வரச் சொன்னார்."

"கணக்கு மிஷின் யார் மேஜையிலே இருக்கும்?"

அனந்து துவாலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்கிறவன் மாதிரி சட்டை நுனியை இழுத்துக்கொண்டான்.

"அப்படியா" என்றாள் கங்கா. எழுந்து பலகையை அவன் பக்கம் தள்ளிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "பேச்சி, இவனுக்கு ஒரு சாயா குடு. குடிச்சுட்டுப் போகட்டும்."